கடலோரத்துப் பழைய வீடு: பழுதுபார்ப்பதா, பழையபடி கட்டுவதா, பழைய முகம் மட்டும் போதுமா?

தை பிறந்து மழை விட்டதும் எனக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "அம்மாட வீட்டு முன்சுவர் வெளியால தள்ளிக்கொண்டு நிக்கிது அண்ணன். இடிச்சிப்போட்டுப் பழையபடியே கட்டுவமா?" கேட்பவர் கல்லடியில் இருப்பார், இல்லாவிட்டால் காரைதீவில், திருக்கோவிலில், எல்லாம் இலங்கையின் கிழக்குக் கரை ஊர்கள். வீடும் ஏறத்தாழ ஒன்றுதான். கிழக்கே கடலைப் பார்த்த நீண்ட விறாந்தை, மரத்தூண்கள், ஒன்றரை அடித் தடிப்பில் செங்கல் சுவர், உயர்ந்த ஓட்டுக்கூரை, நடுவில் மண்டபம், பின்னால் குசினியும் கிணறும்.

"பழையபடி" என்றால் என்ன என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். சிலருக்கு அது வீட்டின் தோற்றம். சிலருக்கு அதே செங்கல், அதே சுண்ணாம்பு, அதே முதிரைக் கதவு. இன்னும் சிலருக்கு அம்மம்மா சாய்ந்து இருந்த அந்தச் சுவரே நிற்க வேண்டும். மூன்றுக்கும் செலவு வேறு, அனுமதி வேறு, ஆயுளும் வேறு. இதைப் பேசித் தீர்க்காமல் மேசனைக் கூப்பிட்டால் மேசன் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்வார்.

நான் எஞ்சினியர் இல்லை. கல்லடியில் எங்கள் அம்மம்மாவின் வீட்டை இரண்டு தடவை திருத்திய அனுபவம்தான் எனக்கு. 1978 நவம்பர் 23 இரவுப் புயலில் அந்த வீட்டின் ஓடெல்லாம் பறந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்து விறாந்தையையும் முன்னறையையும் கொண்டுபோனது. 2006இல் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து, மிஞ்சிய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்துப் பூச்சுப் பூசினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று மாரி தாண்டவில்லை, பூச்சு தட்டுத் தட்டாக விழுந்தது. 2014இல் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, விறாந்தையைச் சுண்ணாம்பிலும் மரத்திலும் திரும்பக் கட்டினோம். அதற்குப் பிறகு ஒரு வயதான மேசனோடு பல வீடுகளுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். எழுதுவது அந்த அனுபவத்தில் இருந்து.

## எதை வைத்து முடிவெடுப்பது

சுவரில் உயிர் இருக்கிறதா? இதை நீங்களே பார்க்கலாம். விரல் முட்டியால் சுவரை நெடுகத் தட்டிக்கொண்டு போங்கள். கெட்டியான இடத்தில் ஒரு சத்தம், பூச்சு பிரிந்த இடத்தில் பொக்கென்று வேறு சத்தம் கேட்கும். பூச்சு விழுந்த இடத்தில் செங்கல்லுக்கு இடையிலுள்ள சாந்தைச் சாவியால் கீறிப் பாருங்கள். மணலாகக் கொட்டினால் அந்த இடத்தில் சுண்ணாம்பு செத்துவிட்டது. பிறகு தூக்குக்குண்டு விட்டுச் சாய்வை அளந்து பாருங்கள். ஒன்றரை அடிச் சுவர் மூன்று அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால் எஞ்சினியர் வந்து பார்க்காமல் ஒரு கல்லையும் தொட வேண்டாம்.

உப்பு எங்கே நிற்கிறது? மழைக்குப் பிறகு கச்சான் என்ற வறண்ட தரைக்காற்று அடிக்கத் தொடங்கும்போது சுவரின் கீழ் மூன்று அடியில் வெள்ளையாகப் பூக்கும். தொட்டால் மாவாக ஒட்டும். நிலத்தில் இருந்து ஏறும் ஈரமும் கடற்காற்றும் சுவருக்குள் உப்பைச் சேர்த்துவிடுகின்றன. ஈரம் காயும்போது உப்பு பளிங்காகி விரியும். மூச்சு விடும் சுண்ணாம்புப் பூச்சில் அது வெளியே வந்து பூத்துக் கொட்டிவிடும். சீமெந்துப் பூச்சில் அதற்கு வழியில்லை. பூச்சுக்குப் பின்னாலேயே விரிந்து, பூச்சைத் தள்ளி, செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் 2006க்குப் பிறகு நடந்தது இதுதான்.

காணி எங்கே இருக்கிறது? 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு தொடுக்கும் களப்பு, ஆறுகளில் இந்த வலயம் முகத்துவாரத்தில் இருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரை போகும். ஆகவே வாவிக்கரை வீட்டுக்காரர் சிலரும் இதற்குள் வருவார்கள். இந்த வலயத்துக்குள் கட்டுவதற்குப் பிரதேச சபையின் அல்லது மாநகர சபையின் அனுமதி மட்டும் போதாது, கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டவே கூடாது என்று ஓர் அறிவிப்பு வந்தது. 2005 முடிவில் அதைத் தளர்த்தி, இடத்துக்கு இடம் வேறுபடும் தூரத்துக்கு மாற்றினார்கள். இன்னும் பலர் அந்த 200 மீற்றரையே சொல்லிக்கொண்டு காணியை விற்கப் பார்க்கிறார்கள். விற்கும் முன் உங்கள் காணிக்கு இன்று என்ன தூரம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

யார் இருக்கப் போகிறார்கள்? எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதுதான் வழக்கம். காசு அனுப்புவது கனடாவில் இருக்கும் அண்ணனாக இருக்கலாம். ஆனால் காணி உறுதிப் பத்திரம் தங்கையின் பெயரில், வீட்டில் இருக்கப்போவதும் அவள்தான். அவளுடைய பேச்சு முதலில் வர வேண்டும். அண்ணனுக்குப் பழைய வீட்டின் நினைவு வேண்டும், தங்கைக்கு மழை ஒழுகாத குசினி வேண்டும். இரண்டும் நியாயம்தான். எது முதலில் என்பதை அடித்தளம் வெட்டிய பிறகு பேசிய குடும்பங்கள் முகம் பார்க்காமல் போனதையும் பார்த்திருக்கிறேன்.

கட்டும் செலவும் பத்து வருடச் செலவும். இவை இரண்டு தனிக் கணக்குகள். ஒவ்வொரு தெரிவிலும் சொல்கிறேன்.

## தெரிவு 1: நிற்கும் சுவரை வைத்துப் பழுதுபார்த்தல்

சுவரில் பாதிக்கு மேல் கெட்டியாக இருந்தால் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். சட்டப்படியும் இது இலகு, ஏனென்றால் வீடு ஏற்கனவே நிற்கிறது. இடித்துவிட்டுப் போய்க் கேட்டால் அது வெறுங்காணியில் புது வீட்டுக்குக் கேட்பதாகிவிடும். கடலுக்குக் கிட்டிய காணியில் இந்த ஒரு காரணமே முடிவைத் தீர்த்துவிடக் கூடும்.

வேலையின் ஒழுங்கு இது. முதலில் கூரையைச் சரிசெய்து மழையை நிறுத்த வேண்டும். பிறகு சீமெந்துப் பூச்சு இருந்தால் முழுவதையும் எடுக்க வேண்டும். செத்த சாந்தை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, சுண்ணாம்புச் சாந்தால் திரும்ப நிரப்ப வேண்டும். சுவரைச் சுற்றி மண் மேடாகியிருந்தால் வெட்டித் தாழ்த்த வேண்டும். பாதி ஈரம் அதிலேயே குறைந்துவிடும்.

உப்பை எடுக்க ஒரு வழி இருக்கிறது. மெலிவான, மணல் கூடிய சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைப் பூசி ஒன்றிரண்டு மாரிக்கு விடுவது. உப்பெல்லாம் அந்தப் பூச்சுக்குள் வந்து சேரும். பிறகு அதைக் கொட்டி எடுத்துவிட்டு நல்ல பூச்சுப் பூச வேண்டும். "பூசின பூச்ச ஏன் உடைக்கிறீங்க" என்று அயலில் கேட்பார்கள். எங்கள் மண்டபச் சுவருக்கு இப்படித்தான் செய்தோம். முதல் பூச்சு 20 மாதம் நின்றது. கொட்டும்போது கையில் எடுத்துப் பார்த்தேன், பின்பக்கம் முழுக்க நரைத்த உப்பு நூல் நூலாக நின்றது. அவ்வளவும் சுவருக்குள் இருந்தது.

மறைந்திருக்கும் செலவு கூலியில் இருக்கிறது. சீமெந்தைச் சுரண்டி எடுப்பது புதிதாகப் பூசுவதை விட மெதுவான வேலை. நாட்கூலிக்கு விடுங்கள். சதுர அடிக் கணக்கில் கொடுத்தால் அவசரத்தில் செங்கல்லையும் உடைத்துவிடுவார்கள். சீலிங் பலகையைக் கழற்றும்போது கறையான் தின்ற வளை ஒன்றாவது வெளியே வரும். போட்ட கணக்குக்கு மேல் கால்வாசி கையில் இருக்கட்டும்.

பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ற் அடிக்க வேண்டாம். அதுவும் சுவரின் மூச்சை அடைக்கும். நீற்றிய சுண்ணாம்பில் வெள்ளை அடியுங்கள். முந்தி வைகாசிச் சடங்குக்கு முன் ஊர் முழுக்க வெள்ளை அடிப்பார்கள். கண்ணகை அம்மன் வரும் காலம் என்பது ஒரு காரணம். சுண்ணாம்புக்கு ஏற்ற காலமும் அதுதான்.

## தெரிவு 2: அதே பொருளில், அதே முறையில் திரும்பக் கட்டுதல்

சுவர் போய்விட்டது, ஆனால் வீட்டின் அளவும் படங்களும் கழற்றிய மரங்களும் இருக்கின்றன என்றால் இது. மனதுக்கு மிகவும் பிடித்த தெரிவு, செய்யக் கடினமானதும் இதுதான்.

முடியாத காரியம் இல்லை. கொழும்பு அல்பிரட் பிளேஸில் 1960களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டை, காணி கைமாறியபோது பகுதி பகுதியாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, பெந்தோட்டைக்குக் கிட்ட, பாவாவின் தோட்டமான லுனுகங்கவில் திரும்ப எழுப்பினார்கள். அவ்வளவு ஆளும் காசும் நம்மிடம் இல்லை. ஆனால் இலக்கம் போடும் பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கதவு நிலைக்கும், தூணுக்கும், கைமரத்துக்கும் ஒரு தகரத் துண்டில் இலக்கம் வெட்டி ஆணியடியுங்கள். சோக்கால் எழுதியது முதல் மழையில் போய்விடும்.

செங்கல். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல்லைத் தட்டினால் சுத்தமாகக் கழன்று வரும், திரும்பப் பாவிக்கலாம். சீமெந்தில் கட்டியது உடைந்துதான் வரும். இதைப் பார்த்தாவது இடிக்கும் வேலையை மெசினுக்குக் கொடுக்காமல் கையால் செய்யுங்கள். பழைய செங்கல் இன்றைய செங்கல்லோடு அளவில் ஒத்துவராது. பழையதை முன்பக்கத்துக்கும் புதியதை உட்சுவருக்கும் ஒதுக்கினால் பிரச்சினை குறையும்.

சுண்ணாம்பு. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் முருகைக்கல்லை (பவளப் பாறையை) சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதும் சுடுவதும் 1988இல் கரையோரச் சட்டத்துக்கு வந்த திருத்தத்தோடு தடையாயிற்று. அது சரியான தடை. கரையைக் காப்பதே அந்தக் கல்தான். ஆகவே யாராவது "முருகைச் சுண்ணாம்பு எடுத்துத் தாறன்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மலைநாட்டுப் பக்கத்து டொலமைட் சுண்ணாம்பும் சிப்பிச் சுண்ணாம்பும் கிடைக்கும். கடையில் வெள்ளை அடிக்க விற்கும் பழைய பைத் தூள் காற்றுப்பட்டுச் செத்திருக்கலாம். சுட்ட கல்லாக வாங்கி, குழியில் நீற்றி, தண்ணீருக்கு அடியில் சில மாதம் ஊறவிட்ட களிதான் நல்லது. நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கிட்டப் போக வேண்டாம், பிள்ளைகளை விடவே வேண்டாம்.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல். வெறும் சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை மெதுவாக உறிஞ்சித்தான் இறுகும். மழைக்கு முன் இறுக வேண்டுமென்றால் அதில் செங்கல் தூளையோ உமிச் சாம்பலையோ சேர்க்க வேண்டும். இரண்டும் நம் மாவட்டங்களில் இருக்கிறது, அரிசி ஆலை இல்லாத பக்கம் எது? ஆனால் கறுத்த உமிச் சாம்பல் வேண்டாம். அளவான சூட்டில் எரிந்து வெளிறிய சாம்பலை நன்றாக அரைத்துச் சேர்த்தால்தான் அது சுண்ணாம்போடு வேலை செய்யும். ஒரு சிறு மதிலில் முதலில் பூசிப் பார்த்து, ஒரு மாதம் கழித்துச் சாவியால் கீறிப் பார்த்த பிறகு வீட்டுக்குப் போங்கள்.

காலம். மாரி தொடங்கும் ஐப்பசிக்கு முன் சுவர் முடிந்து கூரை ஏற வேண்டும். மாசியில் தொடங்கினால் நேரம் இருக்கிறது. ஆனி, ஆடியில் தரையில் இருந்து வரும் கச்சான் வேறு விதமாகக் கெடுக்கும். பூசின பூச்சை அது ஒரே மத்தியானத்தில் காயவைத்து வெடிக்க விட்டுவிடும். சாக்குக் கட்டித் தொங்கவிட்டு, காலை மாலை தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் விறாந்தை ஒன்றுக்கு மட்டும் நான்கு மாதம் எடுத்தது. சீமெந்து என்றால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும்.

மரம். முதிரை, பாலை, சமண்டலை என்று பழைய வீட்டில் இருப்பவற்றை இன்று புதிதாக வாங்கினால் வரவுசெலவுக் கணக்கே மாறிவிடும். கிடைத்தாலும் வன இலாகாவின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் லொறியில் ஏற்ற முடியாது. இடித்த வீடுகளில் இருந்து வாங்கும் மரத்துக்கும் எங்கே இருந்து வந்தது என்ற கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். வேலைக்கு ஓடாவி (தச்சர்) தேடும்போது மட்டக்களப்பில், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடும்பங்களில் விசாரியுங்கள். மரவேலையும் கொல்லுவேலையும் அந்தச் சமூகத்தின் பரம்பரைத் தொழில்கள். மட்டக்களப்புக் கடற்கரையில் அவர்கள் இருந்த டச்பார் பக்கத்தில் சுனாமி அவர்களில் பலரைக் கொண்டுபோனது, மிஞ்சியவர்களிலும் இளையவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஆணியில்லாமல் முளையடித்துப் பூட்டும் வேலை தெரிந்த ஒருவர் கிடைத்தால் அவருடைய வசதிக்கு உங்கள் திகதியை மாற்றுங்கள்.

ஓடு. 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 150 தட்டோடு போகும். ஒவ்வோர் அச்சும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும், ஆகவே பழைய ஓட்டையும் புது ஓட்டையும் ஒரே சரிவில் கலந்தால் பூட்டு விழாது, ஒழுகும். கடல் பக்கச் சரிவுக்கு ஒரு வகை, பின்சரிவுக்கு மற்ற வகை என்று பிரித்துவிடுங்கள்.

இனி, பழையபடி செய்யக் கூடாத இடங்கள். பழைய வீடுகளில் சுவரடியில் ஈரம் ஏறாமல் தடுக்கும் படை கிடையாது, நீங்கள் போட வேண்டும். பழைய கூரை தன் பாரத்தில்தான் இருந்தது, சுவரோடு கட்டப்படவில்லை. 1978இல் ஒரே இரவில் எல்லாக் கூரையும் போனது அதனால்தான். சுவரின் தலையில் வீட்டைச் சுற்றி ஒரு வளையப் பட்டி (ring beam) ஓட்டி, கைமரங்களைத் துருப்பிடிக்காத உருக்குப் பட்டையால் அதோடு கட்டுங்கள். சீலிங்குக்கு மேல் அது யாருக்கும் தெரியாது. முக்கோணச் சுவர் வைத்த கூரையை விட நாற்புறமும் சரிந்த கூரை காற்றுக்கு நல்லது, பழைய வீடு அப்படி இருந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வெள்ளத்துக்காக நிலமட்டத்தை உயர்த்தினால் தூணும் கதவும் குட்டையாகத் தெரியும். ஆகவே வீடு முழுவதையும் தூக்குங்கள், முன்படி இரண்டு கூடட்டும்.

வீடு 100 வருடம் தாண்டியது என்றால் தொல்பொருள் திணைக்களத்திடமும் ஒரு தடவை கேளுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் அப்படியான கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்க இடமிருக்கிறது. அறிவித்த கட்டடத்தில் அனுமதியில்லாமல் கைவைத்தால் குற்றம்.

மறைந்திருக்கும் செலவு இங்கே வருடாவருடம் வருவது. வெள்ளை அடிக்க வேண்டும், விலகிய ஓட்டைத் திருப்பி வைக்க வேண்டும், மரத்துக்கு எண்ணெய் போட வேண்டும். ஒவ்வொன்றும் சிறு செலவுதான், ஆனால் செய்ய ஆள் வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் இதைச் செய்யாவிட்டால் ஐந்தாம் வருடம் கறையானும் உப்பும் சேர்ந்து கணக்கு முடித்துவிடும்.

## தெரிவு 3: உள்ளே கொங்கிறீட் சட்டகம், வெளியே பழைய முகம்

இன்று கூடுதலானவர்கள் போவது இந்த வழியில். ஒப்பந்தக்காரர் கிடைப்பார், எட்டு மாதத்தில் முடியும், மேல்மாடியும் எடுக்கலாம். முகப்பில் தூணும் வளைவும் ஓட்டுத் தாவாரமும் வைத்தால் தூரத்தில் இருந்து பழைய வீடு போலவே தெரியும்.

இதற்கு ஒரு பலமான நியாயம் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2004இல் இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அன்று ஒழுங்காகக் கட்டிய கொங்கிறீட் சட்டகக் கட்டடங்கள் பல நின்றன, மெலிந்த கல் சுவர்கள் படுத்துவிட்டன. கடலுக்கு மிகக் கிட்ட, வயதானவர்களோடு இருக்கப் போகிறீர்கள் என்றால், ஏறி நிற்க ஒரு மேல்தளம் என்பது எந்த அழகையும் விடப் பெரிய விசயம்.

ஆனால் கடற்கரையில் கொங்கிறீட்டுக்கு உள்ளே ஒரு நோய் உண்டு. காற்றிலும் கழுவாத மணலிலும் உள்ள உப்பு கம்பியைத் தொட்டதும் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் எடுக்கும். அது கொங்கிறீட்டை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். சுனாமிக்குப் பின் அவசரமாகக் கட்டிய வீடுகள் சிலவற்றின் சிலாப் அடியில் இன்று நிமிர்ந்து பாருங்கள், சிவந்த கோடு ஓடும், சில இடத்தில் கம்பியே தெரியும். இதைத் தவிர்க்க, கம்பிக்கு வெளியே இரண்டு அங்குலம் கொங்கிறீட் நிற்க வேண்டும், மணல் ஆற்றில் இருந்து வர வேண்டும், கலவைத் தண்ணீர் உவராக இருக்கக் கூடாது, ஏழு நாளாவது நனைத்து வைக்க வேண்டும். கொங்கிறீட் போடும் நாளில் வீட்டுக்காரர் ஒருவர் அளவுகோலோடு நிற்க வேண்டும். நிற்க ஆள் இல்லை என்றால் இந்தத் தெரிவின் பலம் பாதிதான்.

மற்றக் குறை வெப்பம். நாலரை அங்குலச் சுவரும் சிலாப்பும் சித்திரை வெயிலில் இரவு பத்து மணிக்கும் சூட்டை விடாது. பழைய வீட்டில் விசிறி இல்லாமல் படுத்தவர்கள் இங்கே ஏசி பூட்டுவார்கள். அந்த மின்கட்டணத்தையும் வீட்டின் விலையில் சேருங்கள். பழைய முகம் வேண்டும் என்று முடிவெடுத்தால், முகத்தோடு நிற்காமல் ஆழமான விறாந்தையையும் உயர்ந்த ஓட்டுக்கூரையையும் எதிரெதிர் யன்னலையும் உண்மையாகவே வையுங்கள். பழைய வீட்டில் குளிர்ச்சி வந்தது இவற்றால்தான். ஒன்றரை அடி அகலத்தில் ஒப்புக்கு ஒரு விறாந்தை வைத்துக் கொங்கிறீட் தூணுக்கு மர நிறம் பூசிய வீடுகளைப் பார்க்கும்போது எனக்குத் துக்கமாக இருக்கும். அந்தக் காசில் மண்டபம் ஒன்றை உண்மையாகக் கட்டியிருக்கலாம்.

## தெரிவு 4: கொஞ்சத்தைப் பழையபடி, மிச்சத்தைப் புதிதாக

விறாந்தையையும் மண்டபத்தையும் மட்டும் சுண்ணாம்பிலும் மரத்திலும் கட்டி, படுக்கையறை, குசினி, குளியலறையைப் பின்னால், கடலுக்குத் தூரமாக, தனிக் கொங்கிறீட் கட்டடமாகக் கட்டுவது. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு முற்றம். எங்கள் குடும்பம் கடைசியில் வந்து சேர்ந்தது இங்கேதான். இரண்டு கட்டடத்தையும் ஒட்ட வேண்டாம், அடித்தளம் வேறு வேறாக இறங்கும், ஒட்டின இடத்தில் வெடிக்கும். ஆறு பேர்ச்சஸ் போன்ற சிறு காணியில் இது சரிவராது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பழுதுபார்த்தல் | அதே முறையில் கட்டுதல் | கொங்கிறீட், பழைய முகம் | பாதிப் பாதி |
|---|---|---|---|---|
| கட்டும் செலவு | குறைவு, ஆனால் ஊகிக்க முடியாது | மிகக் கூட | நடுத்தரம் | நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கூட |
| எடுக்கும் காலம் | ஒன்றிரண்டு மாரி | ஒன்றரை, இரண்டு வருடம் | ஒரு வருடத்துக்குள் | ஒரு வருடத்துக்கு மேல் |
| அனுமதி | இலகு | கடினம் | கடினம் | முன்பகுதி நின்றால் ஓரளவு இலகு |
| உப்பைத் தாங்குவது | நன்று | மிக நன்று | கம்பிக்கு ஆபத்து | முன்னுக்கு நன்று, பின்னுக்குக் கவனம் |
| புயல் | கூரையைக் கட்டினால் சரி | கட்டினால் சரி | நன்று | நன்று |
| கடல் ஏறினால் | பலவீனம் | பலவீனம் | மேல்தளம் இருந்தால் நன்று | பின்கட்டடத்தில் ஏறலாம் |
| வருடப் பராமரிப்பு | ஆள் வேண்டும் | ஆள் வேண்டும் | முதலில் குறைவு, 15, 20 வருடத்தில் பெரிய செலவு வரலாம் | கொஞ்சம் |

## யாருக்கு எது

சுவர் கெட்டி, தங்கை அங்கேயே இருக்கிறாள், காசு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும்: பழுதுபாருங்கள். ஒரு வருடம் கூரை, அடுத்த வருடம் சுவர் என்று பிரிக்க முடிகிற ஒரே தெரிவு இது.

சுவர் போய்விட்டது, மரமும் கதவும் இருக்கிறது, கரையில் இருந்து வீடு தூரம், நின்று பார்க்கக் குடும்பத்தில் ஒருவர் இருக்கிறார்: இரண்டாவது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் நாலாவதுக்கு இறங்குங்கள்.

கடலும் வீடும் கூப்பிடு தூரத்தில், ஆனால் சட்டம் இடம் கொடுக்கிறது, வேறு காணி இல்லை: மூன்றாவது, மேல்தளத்தோடு.

எல்லோரும் வெளிநாட்டில், வருடத்தில் மூன்று வாரம்தான் வருவார்கள்: சுண்ணாம்பு வீடு கட்ட வேண்டாம். நிற்கிற பகுதிக்குக் கூரையை மட்டும் சரிசெய்து, நம்பிக்கையான ஒரு குடும்பத்தை வாடகையில்லாமல் இருத்துங்கள். அடுப்பு எரிகிற வீட்டில் கறையான் ஏறினால் அன்றைக்கே ஒருவர் கண்டுபிடிப்பார். கட்டுவதா இல்லையா என்பதை யாராவது ஒருவர் திரும்பி வரும்போது முடிவெடுக்கலாம்.

எந்தத் தெரிவானாலும், ஓட்டில் கைவைக்கும் முன் ஒரு சனி, ஞாயிறை ஒதுக்கி வீட்டை அளந்துவிடுங்கள். ஒவ்வொரு அறையின் நீளம், அகலத்தோடு மூலைக்கு மூலையும் அளந்து பாருங்கள், பழைய அறை எதுவும் சரியான சதுரமாக இருக்காது. கதவின் உயரம், யன்னல் தரையில் இருந்து எவ்வளவு, தாவாரம் எவ்வளவு வெளியே நீட்டுகிறது, படியின் ஒவ்வோர் உயரம் எல்லாம் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலைப் பிடியுங்கள்.

எங்கள் விறாந்தைத் தூண்களுக்கு இடையில் 7 அடி 4 அங்குலம். தெற்குப் பக்கத்துக் கடைசி இரண்டுக்கும் மட்டும் 7 அடி 1 அங்குலம். 2014இல் ஓடாவி அதைச் சரிப்படுத்தித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தங்கை சொன்னாள். அம்மம்மாவின் சாய்மனைக் கதிரை அந்த இடைவெளியில்தான் எப்போதும் கிடந்தது. இப்போதும் அங்கேதான் கிடக்கிறது.